கப்பல் ஏறும் முன்பே: கொங்குச் சமவெளியிலிருந்து மேற்கே போன யோகம்

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் அடிவாரத்தில் சித்தர்கோவில் இருக்கிறது. அமாவாசை அன்று அங்கே கூட்டம் நெரியும். மருவும் பாலுண்ணியும் உதிரவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உப்பும் மிளகும் வாங்கிப் போடுவார்கள். அந்த மலையைப் பற்றி ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. மூலிகை தேடி வந்த குருவுக்கு முதிய சீடர் ஒருவர் சோறு சமைத்தாராம். கையில் அகப்பட்ட குச்சியை ஒடித்துச் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப்போயிற்று. குரு கோபிப்பாரே என்று அஞ்சி, கறுத்த சோற்றைத் தாமே தின்று தீர்த்தார். முதுமை கழன்று இளைஞராக எழுந்து நின்றார். குரு திருமூலர் என்றும் சீடர் காலாங்கிநாதர் என்றும் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் பெயர் மாறும், சோறு மாறுவதில்லை.

கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் நினைவில் யோகம் எந்த உருவத்தில் தங்கியிருக்கிறது என்பதற்கு இது சான்று. இங்கே யோகம் என்றால் உடம்பு, நரை திரை மூப்பு, பச்சிலை. பேச்சுவழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. எதிர்பாராமல் பணம் வந்தவனைப் பார்த்து, ‘அவனுக்கு யோகம் அடிச்சிருக்கு’ என்பார்கள். இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில், ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் பெயர்ப் பலகைகளில் எழுதப்படும் மூன்றாவது சொல் ஒன்று புகுந்திருக்கிறது: யோகா. மகர ஈறு உதிர்ந்து, ஆங்கில வாயில் நுழைந்து, நெடிலோடு திரும்பி வந்த சொல். யோகம் போன பாதையும் திரும்பிய பாதையும் இந்த ஓர் எழுத்து மாற்றத்தில் பதிந்திருக்கின்றன.

மேற்கே போன யோகத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பொதுக் கருத்து உண்டு. தூய்மையாக இங்கிருந்து புறப்பட்டது, அங்கே போய்த்தான் திரிந்தது, உடற்பயிற்சியாகவும் மனநலச் சிகிச்சையாகவும் எல்லா மதத்துக்கும் பொதுவான பண்டமாகவும் மாற்றப்பட்டது என்பது அந்தக் கருத்து. இதை முழுக்க ஏற்க இயலவில்லை. கொங்கு நாட்டோடு தொடர்புடைய இரண்டு மனிதர்களின் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், மாற்றத்தின் பெரும்பகுதி கப்பல் ஏறும் முன்பே நடந்துவிட்டது தெரியும். ஒருவர் சேலத்து வழக்கறிஞர். அவர் மேற்கே போய்ச் சேரவே இல்லை, அவர் புத்தகம் போயிற்று. மற்றவர் கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்துக்காரர். 1969இல் அமெரிக்காவில் மாபெரும் இசைக்கூட்டம் ஒன்றைத் தொடங்கிவைத்தவர்.

செட்டிபாளையம் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு வெளியே இருக்கிறதே என்று கேட்கலாம். மாவட்ட எல்லை ஆட்சியாளர் போட்ட கோடு. பழைய கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளில் ராசிபுர நாடும் உண்டு, பூவாணிய நாடும் உண்டு, கோயமுத்தூர் வட்டாரத்து ஆறை நாடும் உண்டு. குலதெய்வக் கோவிலும் கொள்வினை கொடுப்பினையும் இன்றும் அந்தப் பழைய வரைபடத்தின்படியே நடக்கின்றன. ஆய்வுக்கும் அதுவே பொருத்தமான எல்லை.

சமவெளியின் யோக நினைவு சித்தர் கதையோடு முடிந்துவிடவில்லை. கொல்லிமலைக்குப் போகும் வழியிலுள்ள சேந்தமங்கலத்தில் தத்தாத்திரேயர் குன்று இருக்கிறது. அவதூதராக வாழ்ந்த சுயம்பிரகாச சுவாமிகளின் இடம் அது. அவருடைய சீடர் சாந்தானந்த சுவாமிகள் புதுக்கோட்டையில் புவனேசுவரி ஆலயத்தையும், சேலம் உடையாப்பட்டியில் ஸ்கந்தாசிரமத்தையும் நிறுவினார். இந்த மரபில் ஆடையைக்கூடத் துறந்தவர் இருந்தார். கூட்டம் சேர்த்துப் பேசும் வழக்கம் இல்லை. மேற்கே போவதற்குத் தேவைப்பட்டது வேறு வகை ஆள். ஆங்கிலம் தெரிந்தவர், உலகியலில் அடிபட்டவர், கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியவர். அப்படிப்பட்டவர்களை உருவாக்கியவை மலைக்குகைகள் அல்ல, நீதிமன்றமும் கல்லூரியும்தான்.

சேலத்து வழக்கறிஞர்

பி. வி. நரசிம்ம ஐயர் 1874இல் பவானியில் பிறந்தவர். ஆற்றின் எதிர்க்கரையில் இருப்பது நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம். சட்டம் படித்துச் சேலத்தில் தொழில் நடத்தினார். அன்றைய சேலம் வழக்கறிஞர் வட்டம் சாதாரணமானதல்ல. பின்னாளில், 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சி. விஜயராகவாச்சாரியார் அங்கே இருந்தார். இராஜாஜி அங்கேதான் பெயரெடுத்தார். நரசிம்ம ஐயர் சென்னைச் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். அன்னி பெசண்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்னணியில் நின்றார்.

இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று இங்கிலாந்து மக்களிடம் நேரில் பேச அவ்வியக்கம் ஒரு குழுவை அனுப்பியது. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப், சையத் ஹுசைன் ஆகியோரோடு நரசிம்ம ஐயரும் கப்பல் ஏறினார். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது பிரிட்டிஷ் அரசு அவர்களைத் தடுத்துப் பிடித்து, வந்த வழியே திருப்பி அனுப்பியது. மேற்கின் வாசற்படியை மிதித்துவிட்டுத் திரும்பியவர் அவர்.

1921இல் அவருடைய குழந்தைகள் இருவர் கிணற்றில் விழுந்து இறந்தார்கள். அதற்குப் பின் தொழிலிலும் அரசியலிலும் அவருக்குப் பிடிப்பு விட்டுப்போயிற்று. 1920களின் நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் சேர்ந்தார். அங்கே இருந்த காலத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ரமணர் வரலாறு, ‘செல்ஃப் ரியலைசேஷன்’ என்ற பெயரில் 1931இல் வெளிவந்தது. ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் முழு வாழ்க்கை வரலாறு அது.

இந்த நூலின் ஒரே ஒரு பத்தியில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1896இல், மதுரையில், பின்னாளில் ரமணரான 16 வயது வேங்கடராமனை மரணபயம் பற்றிக்கொண்ட நிகழ்ச்சியை அங்கே ரமணரே தன்மையில் சொல்வதுபோல் நரசிம்மர் எழுதியிருக்கிறார். நான் இறக்கப்போகிறேன், இந்த உடல் இறந்தால் நான் இறந்துவிடுவேனா என்று போகும் அந்தப் பத்தி, பின்னால் வந்த ஆங்கில நூல்கள் பலவற்றுக்கும் அடித்தளம். ஆர்தர் ஆஸ்போர்ன் 1954இல் எழுதிய வரலாறும் இதன்மேல்தான் நிற்கிறது. ரமணரின் வாய்மொழி என்று உலகம் படிப்பது இதைத்தான்.

ஆனால் நரசிம்மர் நேர்மையான வழக்கறிஞர். அந்தப் பத்திக்கு அடிக்குறிப்பு ஒன்று போட்டிருக்கிறார். சுவாமி சொன்ன சொற்கள் அப்படியே குறித்துவைக்கப்படவில்லை. அவர் பேச்சில் நான், நீ என்ற சுட்டு அரிதாகவே வரும். அப்படி ஆள் சுட்டாமல் பேசத் தமிழ் மிகவும் இடம் கொடுக்கும் மொழி. அவர் பேசியபடியே ஆங்கிலத்தில் வைத்தால் பலருக்கும், சிறப்பாக மேல்நாட்டு மனப்பாங்கு உள்ளவர்களுக்கு, நிறம் இல்லாமலும் மங்கலாகவும் தோன்றும். ஆகவே வழக்கமான தன்மை நடையில் எழுதியிருக்கிறேன் என்பது அதன் சாரம்.

இதைவிடத் தெளிவான ஒப்புதல் ஆய்வாளனுக்குக் கிடைப்பது அரிது. தமிழ் வாக்கியத்தில் எழுவாய் இல்லாமலே வினை நிற்கும். ‘போகணும்னு தோணிச்சு’ என்றால் யாருக்குத் தோன்றியது என்று நாம் கேட்பதில்லை. ‘நான்’ என்பதையே விசாரித்து ஒழிக்கச் சொன்ன ஒருவருக்கு இந்த இலக்கணம் வீட்டுத் திண்ணைபோல் வசதியாக இருந்திருக்கும். ஆங்கிலத்தில் அது முடியாது. ‘நான்’ இல்லாத அனுபவத்தைச் சொல்ல, வரிக்கு வரி ‘நான்’ போடவேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தைச் செய்தவர் வெள்ளைக்காரர் அல்லர். சேலம் நீதிமன்றங்களில் சாட்சியின் வாய்மொழியை ஆங்கிலப் பதிவாக மாற்றிப் பழகிய ஒரு தமிழர், யாருக்காக மாற்றுகிறோம் என்று தெரிந்தே செய்தார்.

அதன் விளைவு பெரியது. லண்டன் எழுத்தாளர் பால் பிரண்டனின் இந்தியப் பயண நூல் 1934இல் வந்து ரமணரைப் புகழ்பெறச் செய்தது உண்மைதான். சோமர்செட் மாம் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்துபோனார். 1944இல் அவர் வெளியிட்ட நாவலில் ரமணரின் சாயல் கொண்ட ஒரு குரு வருகிறார். அதே ஆண்டில் ஹைன்ரிக் ஸிம்மர் தொகுத்த ஜெர்மன் நூல், கார்ல் யுங்கின் முன்னுரையோடு வெளிவந்தது. இவையெல்லாம் நம் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். நரசிம்மர் பெயர் வருவதில்லை. வந்தாலும், பிற்காலத்தில் அவர் தென்னாட்டில் சீரடி சாய்பாபா வழிபாட்டைப் பரப்பியவர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவர் 1956இல் காலமானார்.

செட்டிபாளையம், பராய்த்துறை, கண்டி

நரசிம்மர் திருவண்ணாமலையில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் செட்டிபாளையத்தில் கல்யாணசுந்தரக் கவுண்டர், வேலம்மை தம்பதியின் மகன் ராமசாமி பள்ளிப் பிள்ளை. 1914 டிசம்பர் 22இல் பிறந்தவர். நிலபுலம் உள்ள குடும்பம். சாமியார்கள் வந்தால் சோறு போட்டுத் திண்ணையில் தங்கவைக்கும் வீடு. கோயமுத்தூரில் வேளாண்மை படித்தார்; மோட்டார் வாகன வேலை பார்த்தார்; மின்பொறி நிறுவனம் ஒன்றில் மேலாளரானார்; பேரூர்க் கோவில் நிர்வாகத்திலும் இருந்தார். திருமணமாகி இரண்டு ஆண் குழந்தைகள். சில ஆண்டுகளிலேயே மனைவி இறந்துபோனார். குழந்தைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வெளியேறினார்.

நரசிம்மருக்குக் குழந்தைகள், இவருக்கு மனைவி. இருவரும் குடும்பஸ்தர்கள், வீட்டில் விழுந்த அடிதான் இருவரையும் வெளியே தள்ளியது. சிறுவயதிலேயே மலையேறிய சாமியார்களின் கதை வேறு. கடன், சம்பளம், சமையல், பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் தெரிந்தவர்கள் இவர்கள். பின்னாளில் அமெரிக்க இளைஞர்கள் வேலை பற்றியும் திருமணம் பற்றியும் கேட்ட கேள்விகளுக்கு ராமசாமி கூச்சம் இல்லாமல் பதில் சொன்னதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

பழனியில் சாது சுவாமிகளிடம் சிறிது காலம் இருந்தபின் அவர் சேர்ந்த இடம் திருப்பராய்த்துறை. கரூரிலிருந்து திருச்சி போகும் சாலையில், காவிரியின் தென்கரை. 1942இல் அங்கே இராமகிருஷ்ண தபோவனத்தைத் தொடங்கிய சுவாமி சித்பவானந்தரும் கொங்கு நாட்டவரே. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1898இல் பிறந்தவர். இங்கிலாந்து போகப் புறப்பட்டவர். சென்னையில் விவேகானந்தரின் சொற்பொழிவு நூல் கையில் கிடைக்க, பயணத்தைக் கைவிட்டுத் துறவியானார். மேற்கே போகாமல் நின்ற இன்னொரு கொங்கு மனிதர் என்று இவரையும் கணக்கில் சேர்க்கலாம். தபோவனத்தில் ராமசாமிக்கு சாம்பசிவ சைதன்யர் என்ற பிரமசரியப் பெயர் கிடைத்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஆதரவற்ற சிறுவர்களைப் பார்த்துக்கொள்வது. தியானமும் உண்டு, ஆனால் விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டுவதும் உண்டு.

அங்கிருந்து ரமணரிடம் போனார். ரமணரின் கையில் புற்றுக் கட்டி வந்து அறுவை நடந்துகொண்டிருந்த நேரம். அந்த வேதனையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் வடக்கே கிளம்பினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரைக் கண்டார். சிவானந்தர் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்தவர். மலாயாவில் மருத்துவராக இருந்து துறவியானவர். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கியவர். இமயத்தின் அடிவாரத்தில் உட்கார்ந்திருந்த தமிழ் டாக்டர். ஆசனம், மூச்சு, உணவு, சேவை, பஜனை, வேதாந்தம் எல்லாவற்றையும் ஒரே பாடத்திட்டமாகக் கட்டியவர் அவர். 1949இல் அவர் கையால் சந்நியாசம் பெற்று ராமசாமி, சுவாமி சச்சிதானந்தர் ஆனார்.

அமெரிக்காவில் ‘ரிஷிகேசத்து யோகி’ என்றுதான் அவரை அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அவர் ரிஷிகேசத்தில் இருந்தது சில ஆண்டுகளே. 1953 முதல் 1966 வரை, பதின்மூன்று ஆண்டு, அவர் வேலை செய்த இடம் இலங்கை. இந்தக் காலத்தை ஆய்வாளர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மையமாகப் படுகிறது.

சிவானந்தர் 1950இல் இந்தியாவும் இலங்கையும் சுற்றி வந்தபோது அங்கே அன்பர் கூட்டம் உருவாகியிருந்தது. அவர்களுக்காக அனுப்பப்பட்ட சச்சிதானந்தர் முதலில் திருகோணமலையிலும், பின்னர் கண்டியிலும் சிவானந்த தபோவனத்தை நடத்தினார். திருகோணமலை சைவத் தமிழர் ஊர். கண்டியோ தலதா மாளிகையைச் சுற்றி வளர்ந்த பௌத்தத் தலைநகரம். சிங்களவர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் எல்லாரும் ஒரே கடைத்தெருவில் நடக்கும் ஊர். அங்கே சைவ மடமாக மட்டும் ஒரு தபோவனத்தை நடத்துவது கடினம். குரு பூர்ணிமையை அவர் எல்லா ஞானிகளின் நாளாக மாற்றி, பிற சமயத்தாரையும் மேடைக்கு அழைத்தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958இல் தமிழர்மீது கலவரம் வெடித்தது. சமய ஒற்றுமையைப் பேசுவது அந்தத் தீவில் அப்போது அலங்காரப் பேச்சு அல்ல.

இன்னும் இரண்டு காரியங்கள் செய்தார். தாமே கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தார். கையில் கடிகாரம் கட்டினார். காவி கட்டியவர் ஸ்டியரிங் பிடிப்பதையும் மணி பார்ப்பதையும் ஆசாரமானவர்கள் கேலி செய்தார்கள். வகுப்பு ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிக்கு இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. நியூயார்க்குக்குப் போன யோக வகுப்பின் மூன்று அடையாளங்கள், அதாவது நேர ஒழுங்கு, மதம் கடந்த அழைப்பு, கேள்வி பதில் முறை, கண்டியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன.

திறந்த கதவு

சச்சிதானந்தர் மேற்கே போன காலமும் முக்கியம். விவேகானந்தர் 1893இல் சிகாகோ போக அளசிங்கப் பெருமாள் சென்னையில் வீடு வீடாக நிதி திரட்டிய கதை நமக்குத் தெரியும். யோகானந்தர் 1920இல் பாஸ்டன் போனார். ஆனால் அமெரிக்கா 1917இல் ஆசியர் குடியேற்றத்துக்குத் தடைபோட்டது. 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1946இல் சட்டம் தளர்ந்தபோதும் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவே. 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டம்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. ஜிப்ரால்டரில் சேலத்து வழக்கறிஞரைத் தடுத்த அதே வகைக் கதவு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து அட்லாண்டிக்கின் மறுகரையில் திறந்தது. 1960களில் மேற்கே போன குருமார்களின் வரிசையை ஆன்மிகத் தாகம் என்ற ஒன்றை மட்டும் வைத்து விளக்குவோர் விசா என்ற சாதாரணத் தாளை மறந்துவிடுகிறார்கள்.

1966இல், இலங்கையில் தம்மைச் சந்தித்திருந்த கான்ராட் ரூக்ஸ் என்ற திரைப்பட இயக்குநரின் அழைப்பில் சச்சிதானந்தர் பாரிசுக்குப் போனார். அங்கே அவரைக் கண்ட ஓவியர் பீட்டர் மாக்ஸ் நியூயார்க்குக்கு வரச்சொன்னார். இரண்டு நாள் தங்குவதாகப் போனவர். அந்த ஆண்டே ஒருங்கிணைந்த யோக நிலையம் அங்கே தொடங்கிவிட்டது. போதைப்பொருளில் கிடைப்பதாக நம்பிய பரவசத்தைத் தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் வந்தார்கள். அவர்களை அவர் ஏசவில்லை. எழுந்து, குளித்து, முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னார். பராய்த்துறையில் பிள்ளைகளுக்குச் சொன்னதுதானே.

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில், மாக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில் வுட்ஸ்டாக் விழா. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். சாலைகள் அடைத்துக்கொண்டதால் சச்சிதானந்தரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்தபின், வெள்ளை விரிப்பில் சம்மணமிட்டு, நாதமே படைப்புக்கு மூலம் என்பதாகப் பேசினார். உலகுக்குப் பொருளால் உதவிய அமெரிக்கா இனி ஆன்மிகத்தாலும் உதவவேண்டும் என்றார். கூட்டத்தை நாமம் சொல்லவைத்தார். தேர்த்திருவிழாக் கூட்டத்தை ஒலிபெருக்கியில் பேசி அமர்த்தும் ஊர்ப் பெரியவரின் வேலைக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. அந்த விழாவின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய நீண்ட தாடி நினைவிருக்கும். அவருடைய ஆங்கிலத்தின் கோயமுத்தூர் அடித்தொனி தமிழர் காதுக்கு மட்டும் பிடிபடும்.

மேடைப் புகழைவிட ஆழமாகப் பதிந்தது ஓர் இசைத்தட்டு. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தபின் அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், நான்கு குழந்தைகளோடு துயரத்தில் இருந்தவர், சச்சிதானந்தரிடம் வந்தார். 1970இல் அவர் பதிவுசெய்து அடுத்த ஆண்டு வெளியான இசைத்தட்டின் பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. தம்புராவின் சுருதிமேல் ஆலிஸின் ஹார்ப் இசையும் ஃபேரோ சாண்டர்ஸின் சாக்சபோனும் நகரும். இன்றும் உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படும் இசை. கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கவுண்டர் வீட்டுப் பிள்ளை இருக்கிறார் என்று தெரியும்? ஆலிஸ் பின்னால் கலிபோர்னியாவில் தாமே ஆசிரமம் அமைத்து குருவாக வாழ்ந்தார். ஒரு துயரத்தால் வெளியே வந்தவரிடம் இன்னொரு துயரத்தால் வந்தவர் கற்றார்.

உடம்புக்குத் திரும்புதல்

கஞ்சமலைச் சோற்றுக் கதையின் உடம்பு, அமெரிக்காவில் மருத்துவப் பத்திரிகையில் திரும்பி எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் டெக்சாசில் மனச்சோர்வில் இருந்த டீன் ஆர்னிஷ் என்ற மாணவர் சச்சிதானந்தரைச் சந்தித்தார். மருத்துவரான பின், கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, யோகமும் தியானமும், நடை, கூடிப் பேசுதல் ஆகியவற்றை இணைத்து இதய நோயாளிகளிடம் ஆய்வு நடத்தினார். 1990இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அந்த ஆய்வில் 28 பேர் இம்முறையைக் கைக்கொண்டார்கள், 20 பேர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். ஓராண்டில் முதல் குழுவில் 82 விழுக்காட்டினரின் இதயத் தமனி அடைப்பு சற்றேனும் குறையும் திசையில் இருந்தது. சிறிய ஆய்வுதான், உணவுக்கு எவ்வளவு பங்கு, யோகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதில் இடமில்லை. ஆயினும் 2010இல் அமெரிக்க முதியோர் அரசுக் காப்பீடு இத்திட்டத்துக்குப் பணம் கொடுக்க முன்வந்தது. இதை மேற்கின் திரிபு என்று சொல்வதற்கில்லை. சிவானந்தர் டாக்டர், திருமூலரோ உடம்பை வளர்ப்பதை உயிர் வளர்ப்பதோடு சேர்த்துச் சொன்னவர்.

வர்ஜீனியாவின் பக்கிங்ஹாம் வட்டத்தில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த, சச்சிதானந்தரின் ‘யோகாவில்’ என்ற குடியிருப்பில் 1986 ஜூலையில் தாமரை வடிவக் கோவில் ஒன்று திறக்கப்பட்டது. நடுவில் ஒளித்தூண் எழுந்து பன்னிரண்டு கதிர்களாகப் பிரிந்து இறங்கும். பத்துக் கதிர்கள் பத்துச் சமயங்களின் பீடங்களுக்கு, ஒன்று அறிந்த பிற சமயங்களுக்கு, மற்றது இன்னும் அறியாத சமயங்களுக்கு. தமிழ் வாசகருக்கு உடனே வடலூர் நினைவுக்கு வரும். வள்ளலார் 1872இல் நிறுவிய சத்திய ஞான சபையும் உருவமில்லாத ஒளியை நடுவில் வைத்ததுதான். ஒன்றைப் பார்த்து மற்றது கட்டப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஒளியை வைத்தால் சண்டை வராது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டு முன்பே கட்டடமாக எழுந்திருந்தது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

குருமார் வரலாற்றை எழுதும்போது விடக்கூடாத ஒன்றும் உண்டு. 1991இல் முன்னாள் சீடர்களான பெண்கள் சிலர், குரு என்ற நிலையைப் பயன்படுத்திச் சச்சிதானந்தர் தங்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாக வெளிப்படையாகக் கூறினார்கள். அவர் மறுத்தார். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. நம் ஊர்ப் பக்தி நூல்கள் இதைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்துக் குருமார் பலர்மீது இத்தகைய குற்றச்சாட்டுகள் எழுந்தன. குரு சொல் மீறாமை என்ற மரபு, ஊரும் உறவும் கண்காணிக்கும் சூழலில் இயங்கியதற்கும், அந்தக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இயங்கியதற்கும் வேறுபாடு உண்டு. கப்பல் ஏறும்போது மாறாமல் போன ஒன்று என்று இதைத்தான் சொல்வேன், மாற்றியிருக்கவேண்டியது அது.

2002 ஆகஸ்ட் 19இல் சென்னைக்கு வந்திருந்தபோது சச்சிதானந்தர் காலமானார். உடல் வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. அந்த இடத்துக்குச் சிதம்பரம் என்று பெயர். அருகே குன்றின்மேல் நடராசர். இளமையில் அவர் வேலை பார்த்த பேரூருக்கு மேலைச் சிதம்பரம் என்று பெயர் உண்டு. அதற்கும் மேற்கே இன்னொரு சிதம்பரம் எழுந்துவிட்டது. 2014இல், அவர் நூற்றாண்டில், செட்டிபாளையத்தில் அதே தாமரை வடிவக் கோவில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஐ யோகா நாளாக அறிவித்தது. இப்போது நாமக்கல் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் அந்த நாளில் வரிசையாக நின்று கை தூக்குகிறார்கள்.

சேலத்துப் பழைய வழக்கறிஞர் குடும்பங்களுக்கும், திருகோணமலை, கண்டித் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் 1931 பதிப்பு ரமணர் வரலாறோ, ஹோம் ரூல் காலத்துக் கடிதமோ, 1950களின் தபோவன விழா அழைப்பிதழோ கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள நூலகத்திலோ கல்லூரித் தமிழ்த்துறையிலோ கொண்டுபோய்க் கொடுங்கள்.